ரூலெட்டில் (சுழலும் சக்கரத்தில் பந்து எந்த நிறக் குழியில் விழும் என்று பந்தயம் கட்டும் சூதாட்டம்) பந்தயத் தொகையை ஏற்றி இறக்க ஒரு 'முறை' வைத்து ஆடியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காட்பாடிக்காரன்:
கோவா, மாண்டோவி ஆற்றுக் கேசினோ படகு. நானும் மச்சானும். தோற்றால் இரண்டு மடங்கு வைக்கிற அதே கணக்குதான். சிவப்பில் 500, 1,000, 2,000, 4,000, 8,000. ஐந்து முறையும் கறுப்பு. ஆறாவதாக 16,000 வைத்தேன். பந்து குதித்துக் குதித்துப் பச்சைக் குழியில் உட்கார்ந்தது. பூஜ்யம். சிவப்பில் இருந்த என் காசையும், கறுப்பில் வைத்த பக்கத்துப் பெரியவர் காசையும் மேசைக்காரப் பெண் ஒரே வீச்சில் வாரிக்கொண்டார். மொத்தம் 31,500. அடுத்து 32,000 வைக்கப் பணம் இருந்தாலும் முடியாது, அந்த மேசையில் 25,000-தான் உச்சம். ஜெயித்திருந்தால் லாபம் வெறும் 500. அந்தக் கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

குடியாத்தம் தறி:
அண்ணா, மடங்கு வைத்ததுதான் தப்பு என்று நினைத்து நான் ஃபிபோனாச்சிக்குப் போனேன். தோற்கத் தோற்க, முந்தைய இரண்டையும் கூட்டி 1, 1, 2, 3, 5, 8 என்று மெதுவாக ஏறும், தாங்கும் என்றார்கள். போனில், ராத்திரி இரண்டு மணி. 100-ல் தொடங்கி ஒன்பது சுற்றில் 8,800 போனது. பத்தாவதுக்கு 5,500 வேண்டும். அம்மா சீட்டு கட்டச் சொல்லி என் கணக்கில் போட்டிருந்த பணத்தைத் தொட்டேன். அதுவும் போச்சு. காலையில் சீட்டுக்காரர் வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மா நோட்டோடு வந்து நின்று, "அனுப்பிடுப்பா" என்றார்.

ஆற்காட்டு ஆசிரியர்:
காட்பாடி தம்பி, ஐந்து கறுப்புக்கு அப்புறம் சிவப்பு வந்தே தீரும் என்று நம்பியிருப்பீர்கள். பந்துக்கு ஞாபகம் கிடையாது. 1913-ல் மாண்டி கார்லோ கேசினோவில் கறுப்பு தொடர்ந்து 26 முறை வந்தது. குடியாத்தம் தம்பி, மெதுவாக ஏறினாலும் கதை அதேதான். சக்கரத்தில் 37 குழி: 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒரு பூஜ்யம். அந்த ஒன்றால்தான் வைக்கும் நூறு ரூபாய்க்குச் சராசரியாக 2.70 ரூபாய் கேசினோ பக்கம் போகிறது. இரண்டு பூஜ்யம் உள்ள அமெரிக்கச் சக்கரத்தில் 5.26. பந்தயத்தை எந்த வரிசையில் கூட்டினாலும் குறைத்தாலும் இது மாறாது. தோற்றால் ஒன்று கூட்டி, ஜெயித்தால் ஒன்று குறைக்கும் முறையில் என் தம்பி ஆட்டோவையே விற்றான். முதலில் அந்தச் செயலியை அழியுங்கள். தமிழ்நாட்டில் 2023 முதல் ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை இருக்கிறது. வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கடன் வாங்கி ஈடுகட்டப் போகாதீர்கள்.

காட்பாடிக்காரன்:
ஐயா, கணக்கு புரிகிறது. என்னை உறுத்துவது வேறு. அந்த 16,000-ல் பத்தாயிரம் மச்சானுடையது. பெங்களூரில் மாறி ஏறிய ரயிலில் காட்பாடி வரும்வரை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இறங்கும்போது என் பையையும் அவனே தூக்கிக்கொண்டான்.