சிலிண்டர் போர் 'ஓவாலிட்டி', 'டேப்பர்': தமிழ்ல என்ன? (அவசரம்)

நண்பர்களே, இன்ஜின் வேலை கத்துக்கிற பசங்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. போர், அதாவது சிலிண்டருக்குள்ள பிஸ்டன் ஏறி இறங்குற துளை, எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பார்க்க போர் டயல் கேஜை (உள்விட்டம் அளக்கிற முள் மானி) மேல, நடுவுல, கீழன்னு மூணு மட்டத்துல இறக்கி, கிராங்க்ஷாஃப்ட் (பிஸ்டன் சுத்த வைக்கிற தண்டு) வாக்குல ஒண்ணு, அதுக்குக் குறுக்க ஒண்ணுன்னு ஆறு அளவு எடுக்கிறோம்ல. ஒரே மட்டத்துல ரெண்டு திசைக்கும் உள்ள வித்தியாசம் ஓவாலிட்டி, ஒரே திசையில மேலுக்கும் கீழுக்கும் உள்ளது டேப்பர். இப்போதைக்கு நீள்வட்டத் தேய்வு, கூம்புத் தேய்வுன்னு போட்டிருக்கேன். சரியா?

---

> நீள்வட்டத் தேய்வு

நீள்வட்டம்னா கணக்குல வேற ஐயா. பிஸ்டன் சாஞ்சு அழுத்துற குறுக்குத் திசையிலதான் அதிகமாத் தேயும், அதுலயும் ரெண்டு பக்கமும் ஒரே அளவா தேயறதில்ல. என் பரிந்துரை உட்கோட்டம். கோடுதல்னா வளைதல், அதுலேருந்துதான் கோணல் வரைக்கும் வந்து நிக்குது, வள்ளுவரே நடுவுநிலைமையில 'உட்கோட்டம் இன்மை'ன்னு சொல்லிட்டாரு. துளைக்குள்ள கோணல், இதைவிட என்ன வேணும்? அப்படியே போருக்கும் புழைன்னு போடுங்க, துளைன்னுதான் அர்த்தம், யானைத் தும்பிக்கையைப் புழைக்கைன்னவங்க நாம.

---

கோட்டம்னா எனக்குக் கோயில்தான் ஞாபகம் வருது. மணிமேகலையில சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆன மாதிரி சிலிண்டரையும் ஆக்கிடாதீங்க :-) பட்டறையில "போர் ஓவலாயிருச்சு, லிப் விழுந்திருச்சு"ன்னா முடிஞ்சது. அந்த லிப்பை முதல்ல விளக்குங்க சார், பிஸ்டனோட மேல் ரிங் ஏறி நிக்கிற இடத்துக்கு மேல தேயாம நிக்கிற படி, நகத்தை வச்சு இழுத்தாலே தட்டும், அதுக்கு அடியிலதான் தேய்மானம் உச்சம், சூடும் அழுத்தமும் அங்க ஜாஸ்தி, ஆயில் படலம் நிக்காது. போர் கேஜ் இல்லாதவன் ரிங்கை உள்ள நேரா இறக்கி, அதோட ரெண்டு முனைக்கும் நடுவுல உள்ள இடைவெளியில ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டுப் பாப்பான். விட்டம் 0.1 மி.மீ. கூடினா ரிங் இடைவெளி 0.31 மி.மீ. கூடும். மேலயும் கீழயும் வச்சுப் பாத்தா டேப்பர் தெரிஞ்சிடும், ஓவல் மட்டும் தெரியாது. பையனுக்கு இதுதான வேணும், புழைக்கையா வேணும்?

---

சரி, பட்டறையில ஓவல்னுதான் சொல்றாங்கங்கிறீங்க, ஓவாலிட்டிக்கு ஓவல் தேய்மானம்னே போட்டுடறேன். புழை வேண்டாம், போர்னே இருக்கட்டும். நேரமில்ல.

---

எனக்கு உடன்பாடில்ல, பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன். ஓவல் கலப்பு, தேய்மானம் கணக்குப்பிள்ளை சொல், சொத்து மதிப்பு குறையறதுக்கு எழுதறது. அது போகட்டும், டேப்பருக்குப் போட்ட சொல்லைப் பத்தி யாருமே வாயைத் திறக்கலையே? கூம்புன்னா உச்சி குறுகணும், தேஞ்ச போர்ல மேலதான் அகலம். தலைகீழ்க் கூம்புத் தேய்வுன்னா அச்சடிக்கப் போறீங்க?