காகாவும் அகாகியும் ஏன் ஒத்துப்போகவில்லை?

ஒட்டுப்பசை:
ஜப்பானின் பழைய விமானந்தாங்கிக் கப்பல்களில் அகாகி மாடலை முடித்துவிட்டு காகாவில் கை வைத்திருக்கிறேன். ஜோடிக் கப்பல் என்கிறார்கள், உடலமைப்பு ஒத்தே வரவில்லை. ஏன்?

நங்கூரம்:
அகாகியின் ஜோடி அமாகி என்ற கப்பல்தான். பெரிய நாடுகளின் கடற்படைகளுக்கு வரம்பு வைத்த 1922 வாஷிங்டன் ஒப்பந்தம், கட்டிக்கொண்டிருந்த பெரிய கப்பல்களில் இரண்டை மட்டும் 33,000 டன் வரை விமானந்தாங்கியாக மாற்ற விட்டது. ஜப்பான் எடுத்தது அமாகி, அகாகி. இரண்டும் போர்க் குரூசர்கள், அதாவது வேகத்துக்காக வரைந்த பெரிய போர்க்கப்பல்கள். காகா உடைப்புக்குப் போகவேண்டியது. 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தில் யோகோசுகா கப்பல் தளத்தில் அமாகியின் உடல் சிதைய, அதற்குப் பதிலாக மாற்றப்பட்டு காகா பிழைத்தது. காகாவுடையது குரூசராக இல்லாமல் கனமான போர்க்கப்பலாக (battleship) வரைந்த உடல், அதனால் அகாகியைவிடக் குட்டை, வேகமும் கம்மி.

ஒட்டுப்பசை:
சரி, ஜப்பான் கடற்படைக்காரர்கள் இந்த ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டார்களா?

நங்கூரம்:
எங்கே! கடற்படை அமைச்சர் கத்தோ தொமோசபுரோ, அமெரிக்காவோடு போட்டி போடக் காசில்லை என்று, பெரிய போர்க்கப்பல்களில் அமெரிக்க அளவில் 60 சதவீதத்துக்குச் சம்மதித்தார். தூதுக்குழுவிலேயே இருந்த கத்தோ கான்ஜி 70 வேண்டுமென்று அடம்பிடித்தார். தொமோசபுரோ பிறகு பிரதமராகி, நிலநடுக்கத்துக்கு ஒரு வாரம் முன்புதான் இறந்தார்.

உப்புக்காற்று:
உங்கள் பெட்டியில் எந்தக் காகா? மூன்று விமானத் தளம் இருந்தால், பிறகு மாற்றிக் கட்டுவதற்கு முந்தைய பழைய வடிவம். பக்கவாட்டில் பின்புறம் வரை ஓடும் நீளப் புகைக்குழாயை அப்புறம் ஒட்டுங்கள், முதலில் ஒட்டினால் பெயின்ட் அடிக்க முடியாது. நான் பட்டிருக்கிறேன்.