இழைப்புளி பிடித்தால் உள்ளங்கை வலிக்கிறது: வெளிநாட்டிலிருந்து நல்லதாக ஒன்று வரவழைக்கலாமா?

சுருள்சீவல் (கேள்வி):

வணக்கம். வார இறுதிகளில் மரவேலை செய்பவன். பெட்டி, அலமாரி, சிறிய மேசை என்று போகிறது. என்னிடம் இருப்பது 4ஆம் எண் அளவில், பெய்லி என்ற வழக்கமான அமைப்பில் வரும் இரும்பு இழைப்புளி. பெரிய பெயர் இல்லாத தயாரிப்பு. கொஞ்ச நேரம் தொடர்ந்து இழைத்தாலே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள தோல் சிவந்து எரிகிறது. சுண்டுவிரல் பின்கைப்பிடிக்கும் இரும்புக்கும் இடையில் மாட்டி நசுங்குகிறது. மறுநாள் மணிக்கட்டும் வலிக்கிறது. எனக்கு உள்ளங்கை கொஞ்சம் அகலம்.

லீ-நீல்சன் அல்லது வெரிட்டாஸ் போன்ற உயர்தரத் தயாரிப்பு ஒன்றை வரவழைத்துவிடலாம் என்று மனசு சொல்கிறது. ஆனால் அனுப்பும் செலவையும் வரியையும் கூட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அவ்வளவு கொடுத்தால் கைவலி போய்விடுமா? வாங்கியவர்கள், வாங்காமல் சமாளித்தவர்கள் இரு தரப்பும் சொல்லுங்கள்.

பட்டறைவாசி:

தம்பி, வாங்குவதற்கு முன் சில விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பின்கைப்பிடியை எத்தனை விரலால் பிடிக்கிறீர்கள்? நான்கு என்றால் வலியின் பாதிக் காரணம் அதுதான். இந்த வகைக் கைப்பிடி மூன்று விரலுக்காகச் செதுக்கப்பட்டது. ஆள்காட்டி விரல் வெளியே நீண்டு, பிளேடு உட்கார்ந்திருக்கும் சாய்வின் பக்கவாட்டைத் தொட்டபடி முன்னோக்கி நிற்க வேண்டும். அப்போது சுண்டுவிரலுக்குத் தானாக இடம் கிடைக்கும். இன்னொரு நன்மை, விரல் நீட்டிய கை இறுக்கிப் பிடிக்காது. இறுக்கிப் பிடிக்காத கை சீக்கிரம் சோராது.

கைப்பிடியை ஆட்டிப் பாருங்கள். துளி ஆடினாலும் ஒவ்வொரு தள்ளலிலும் அது தோலைத் தேய்க்கும்.

மேசை உயரம் என்ன? நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மேசையின் மேற்பரப்பு விரல் முட்டிக்கும் மணிக்கட்டு ரேகைக்கும் இடையில் எங்காவது வர வேண்டும். அதைவிட உயரமாக இருந்தால் தோள் தூக்கி, மணிக்கட்டு பின்னால் மடங்கிய நிலையில் தள்ளுவீர்கள். அந்த நிலையில் எந்த நாட்டு இழைப்புளியும் வலிக்கத்தான் செய்யும்.

கடைசியாக, பிளேடு எப்போது சாணை பிடித்தது? அடியில் மெழுகு தேய்க்கிறீர்களா?

வெண்கலப்பிரியன்:

என்னிடம் லீ-நீல்சன் வெண்கல 4ஆம் எண் இருக்கிறது. நல்ல கருவிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெட்டியைத் திறந்து, பிளேடை லேசாகத் தீட்டினால் வேலைக்குத் தயார். அடி சமமாக இருக்கும், திருகுகளில் தொளதொளப்பு இருக்காது, தடித்த பிளேடு அதிராது. முடிச்சு உள்ள மரத்தில் அந்த வித்தியாசம் கையில் தெரியும்.

ஆனால் கைவலிக்கு மருந்தாக வாங்காதீர்கள். வெண்கலம் இரும்பைவிடக் கனம். ஓட ஆரம்பித்தபின் அந்தக் கனமே தள்ளிக்கொண்டு போகும், உண்மை. திரும்ப இழுக்கும்போதும், தூக்கி வைக்கும்போதும் அதே கனத்தை உங்கள் மணிக்கட்டு சுமக்கிறது. நீண்ட பலகை இழைக்கும் நாளில் நான் பழைய மெல்லிய ஸ்டான்லி இழைப்புளியைத்தான் எடுக்கிறேன்.

வெரிட்டாஸின் ஒரு வரிசையில் கைப்பிடியின் அளவையும் பிளேடு சாயும் கோணத்தையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். உள்ளங்கை அகலமானவர்களுக்கு அது பெரிய வசதி. வாங்குவதென்றே முடிவானால் அந்தப் பக்கம் பாருங்கள். முடிந்தால் வாங்குமுன் யாரிடமாவது இருப்பதைப் பிடித்துப் பாருங்கள். படத்தைப் பார்த்துக் கைப்பிடி வாங்க முடியாது.

சரக்குக்கணக்கு:

செலவுப் பக்கத்தை நான் சொல்கிறேன். கருவிகள் வரவழைப்பதில் எனக்கு நல்ல பழக்கம்.

பலர் விலையோடு வரியைக் கூட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பல நாடுகளில் சுங்கவரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை. விலை, கப்பல் அல்லது விமானக் கட்டணம், காப்பீடு மூன்றையும் கூட்டிய தொகைக்கு. அதற்கு மேல் வரும் விற்பனை வரி, சுங்கவரியையும் சேர்த்த தொகைக்கு. அதாவது வரிக்கு வரி. பொருள் 100, அனுப்பும் செலவும் காப்பீடும் 30 என்று வையுங்கள். சுங்கவரி 10 சதவீதம் என்றால் 13. ஆக 143. விற்பனை வரி 20 சதவீதம் என்றால் 28.60. கைக்கு வரும்போது 171.60. சதவீதங்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் நாட்டு விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளில் சுங்கவரிக்குச் சர்வதேச சரக்குக் கட்டணத்தைச் சேர்ப்பதில்லை, அங்கே கணக்கு கொஞ்சம் இளகும்.

இதற்கு மேல் இரண்டு செலவு கண்ணுக்குத் தெரியாமல் வரும். கூரியர் நிறுவனம் உங்கள் சார்பில் வரியைக் கட்டிவிட்டு அதற்கென்று ஒரு கட்டணம் போடும். பொருள் சின்னதாக இருந்தாலும் அது பெரும்பாலும் குறையாது. வங்கி அட்டையில் நாணயம் மாற்றும் கட்டணம், பல அட்டைகளில் 3 சதவீதம் வரை போகும்.

பொருளின் வகைக்குச் சுங்கத்தில் கொடுக்கும் தலைப்பு எண்ணைத் தெரிந்துவைத்துக்கொண்டால் விகிதத்தைத் தேடுவது சுலபம். மரத்துக்கான இழைப்புளி, உளி போன்ற வெட்டுக் கருவிகள் 8205.30. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. பின்னால் வரும் இலக்கங்கள் நாட்டுக்கு நாடு மாறும்.

எந்த விலை வரை வரி இல்லை என்ற விலக்கு வரம்பு பற்றிப் பழைய பதிவுகளை நம்பவே நம்பாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான வாட் விலக்கை 2021 ஜூலையில் எடுத்துவிட்டது. அமெரிக்கா 800 டாலர் விலக்கை 2025 ஆகஸ்டில் நிறுத்தியது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். விற்பவரிடம் விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். அது பொய்யான அறிவிப்பு. பிடிபட்டால் அபராதம், பறிமுதல். வழியில் தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும்.

சுருள்சீவல்:

எல்லோருக்கும் நன்றி. பட்டறைவாசி அண்ணா, பார்த்துவிட்டேன். நான்கு விரலால்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், யாரும் சொல்லித் தரவில்லை. கைப்பிடி ஆடுகிறது. மேலே இருக்கும் பித்தளைத் திருகை முழுக்க இறுக்கியும் ஆட்டம் நிற்கவில்லை. மேசை இடுப்பு எலும்புக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. மெழுகு தேய்த்ததே இல்லை.

சரக்குக்கணக்கு சொன்னபடி போட்டுப் பார்த்தேன். கடைசித் தொகை விலைப்பட்டியலில் இருப்பதன் இரு மடங்கை நெருங்குகிறது. பழைய ஸ்டான்லி ஒன்றை வெளிநாட்டு ஏலத்தில் எடுத்தால் குறையுமா? ரோஸ்வுட் கைப்பிடி போட்டவை அழகாக இருக்கின்றன.

சரக்குக்கணக்கு:

ரோஸ்வுட் என்றால் அங்கேயே நில்லுங்கள். பழைய ஸ்டான்லிகளில் பிரேசில் ரோஸ்வுட் போட்டிருப்பார்கள். அந்த மரம் 1992 முதல், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. பழையது என்றாலும் நாடு விட்டு நாடு போக அனுமதிப் பத்திரம் வேண்டும். மற்ற ரோஸ்வுட் வகைகளும் 2017 முதல் இரண்டாம் பட்டியலில் உள்ளன. அவற்றில் செய்து முடித்த பொருளுக்கு ஒரு சரக்கில் 10 கிலோ மரம் வரை பின்னர் விலக்கு கொடுத்தார்கள். பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு இல்லை. விற்பவர் 'ரோஸ்வுட்' என்று மட்டும் எழுதியிருந்தால் எது என்று சுங்க அதிகாரி எப்படிக் கண்டுபிடிப்பார்? பெட்டி அங்கேயே நிற்கும். பீச், மேப்பிள், சாயம் போட்ட மரம் என்றால் இந்தத் தொல்லை கிடையாது.

எடையையும் யோசியுங்கள். 4ஆம் எண் பெட்டியோடு 2 கிலோவைத் தொடும். கூரியர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் எண்ணையும் நிஜ எடையையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்குக் காசு வாங்குவார்கள். இரும்பு இழைப்புளி பெட்டி சின்னது, கனம் அதிகம். அதனால் பெரும்பாலும் நிஜ எடைதான் அடிக்கும். மலிவான பழைய கருவிக்கும் விலையுயர்ந்த புதிய கருவிக்கும் அனுப்பும் செலவு ஏறத்தாழ ஒன்றே. மலிவு என்று வாங்கினால், சரக்குக் கட்டணமே பொருளின் விலையைத் தாண்டிவிடும். திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் அந்தச் செலவும் உங்களுடையது. கட்டிய சுங்கவரியைத் திரும்பப் பெறுவது தனி அலைச்சல்.

பட்டறைவாசி:

தம்பி, திருகை முழுக்க இறுக்கியும் ஆடுகிறது என்றீர்களே, அதுதான் விஷயம். கைப்பிடி மரம் உலர்ந்து உயரம் குறைந்துவிட்டது. உள்ளே ஓடும் இரும்புக் கம்பியின் நீளம் அப்படியே இருக்கிறது. பித்தளைத் திருகு மரத்தை அழுத்துவதற்கு முன்பே கம்பியின் முனை திருகுக்குள் முட்டிவிடுகிறது. கழற்றி, கம்பியின் மேல் முனையில் ஒரு மில்லிமீட்டர் அரத்தால் ராவுங்கள். அரம் போட்ட முனையில் பிசிறு இருந்தால் மரை ஏறாது, அதையும் லேசாகச் சரித்துவிடுங்கள். அரம் போட மனசு வரவில்லை என்றால் பித்தளைத் திருகின் தலைக்கு அடியில் ஒரு சிறிய வாஷர். கம்பியையும் திருகையும் தொலைத்துவிடாதீர்கள், பல தயாரிப்புகளில் அந்த மரை கடையில் கிடைக்கும் மெட்ரிக் மரை இல்லை.

அடுத்து கைப்பிடியின் வடிவம். மலிவான தயாரிப்புகளில் பட்டையான பலகையை வளைவாக வெட்டி, ஓரத்தை மட்டும் மழித்துவிடுகிறார்கள். பக்கங்கள் தட்டையாகவே நிற்கும். கையில் பிடித்துக் கண்ணை மூடி விரலை ஓட்டிப் பாருங்கள், ஓர் ஓரம் தட்டுப்படும். கைப்பிடியின் மேல்முனையில் நீண்டிருக்கும் கொம்பின் அடிப்பகுதியில், தோல் சிவக்கிறது என்ற அதே இடத்தில், அந்த ஓரம் இருக்கும். அரைவட்ட அரத்தால் அங்கே உருட்டிவிடுங்கள். வெட்டுமுகம் முட்டை வடிவத்துக்கு வர வேண்டும். பிறகு 120, 180, 240 என்று உப்புத்தாள். கெட்டியான வார்னிஷ் பூச வேண்டாம். வியர்த்த கையில் வார்னிஷ் ஒட்டும், எண்ணெய் மட்டும் போதும்.

இதுவும் போதவில்லை என்றால் புதிய கைப்பிடியே செய்துகொள்ளுங்கள். நார் ஓட்டம் இழைப்புளியின் அடிக்கு இணையாகப் படுத்திருக்கட்டும். நின்றால் கொம்பு ஒடியும். கம்பித் துளையை முதலில் போட்டுவிட்டு, பிறகு வடிவத்தை வெட்டுங்கள். வளைந்த கட்டையில் சாய்வாகத் துளை போடுவது பெரிய பாடு. உங்கள் உள்ளங்கைக்கு எந்த நாட்டுத் தொழிற்சாலையும் அளவெடுக்கப் போவதில்லை.

மேசை உங்களுக்கு உயரம்தான். காலை வெட்ட வேண்டாம், நிற்கும் இடத்தில் ஒரு மரப்பலகைத் தளம் போட்டு ஏறி நில்லுங்கள்.

மெழுகுவர்த்தியை அடியில் குறுக்காக இரண்டு கோடு கிழியுங்கள். அவ்வளவுதான். தள்ளும் பாரம் சட்டென்று குறைவது உங்களுக்கே தெரியும்.

வெண்கலப்பிரியன்:

அண்ணன் சொன்னதை முழுதாக வழிமொழிகிறேன். அதோடு ஒன்று, 3ஆம் எண்ணையும் மறந்துவிடாதீர்கள். பிளேடு அகலம் 4ஆம் எண்ணில் 2 அங்குலம், 3ஆம் எண்ணில் 1¾ அங்குலம். வெட்டும் அகலம் குறைந்தால் தள்ளத் தேவைப்படும் வலுவும் குறையும். ஆனால் கைப்பிடி தாராளமாக இருக்காது, அகலமான கைக்கு ஒத்துவராமல் போகலாம். அப்படி இருந்தால் 5ஆம் எண். அதே 2 அங்குல பிளேடு, 14 அங்குல நீளம், கைப்பிடியில் கொஞ்சம் தாராளம்.

சுருள்சீவல்:

கம்பியை ராவி, கைப்பிடியை உருட்டி, மெழுகு தேய்த்து, பலகைத் தளத்தில் ஏறி நின்று ஒரு முழு அலமாரிப் பலகையை இழைத்துப் பார்த்தேன். தோல் எரிச்சல் இல்லை. விரலை நீட்டிப் பிடிப்பது இன்னும் பழக்கமாகவில்லை, அடிக்கடி மறந்து நான்கு விரலும் உள்ளே போகிறது. மணிக்கட்டில் லேசான களைப்பு மட்டும்.

முழு இழைப்புளியை வரவழைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஆனால் என் பிளேடு கூர் நிற்பதே இல்லை, மெல்லியதாகவும் இருக்கிறது. பிளேடை மட்டும் நல்லதாக வரவழைப்பது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

சரக்குக்கணக்கு:

அது கணக்குக்கு ஒத்துவரும். பிளேடு சில நூறு கிராம் தாண்டாது, கடித உறை அளவில் வந்துவிடும், சாதாரணத் தபாலில் அனுப்பும் விற்பனையாளர்கள் உண்டு. கூரியரின் அந்த வரிகட்டும் கட்டணம் மட்டும் உறுத்தும் என்பதால், நண்பர்கள் யாருக்காவது வேண்டுமா என்று கேட்டு ஒரே சரக்காக எடுங்கள்.

பட்டறைவாசி:

எடுக்கலாம் தம்பி, ஆனால் தடிமனைப் பார்த்து எடுங்கள். பழைய பெய்லி வகையின் பிளேடு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். இப்போது வரும் உயர்தரப் பிளேடுகள் 3 மில்லிமீட்டரையும் தாண்டும். அதை உங்கள் இழைப்புளியில் போட்டால் இரண்டு இடத்தில் தகராறு வரும். பிளேடு நுனி வெளியே வரும் அடித்துளையான வாய் போதாமல் சீவல் சிக்கும். பிளேடை முன்னும் பின்னும் நகர்த்தும் நெம்புகோலின் நாக்கு, பிளேடின் மேல் பூட்டிய தகடான சிப்பிரேக்கரின் துளையை எட்டாமல் போகும். பிளேடு சாயும் தாங்கியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் முதல் தகராறு பெரும்பாலும் தீரும், இல்லாவிட்டால் வாயின் முன்விளிம்பை அரத்தால் ராவ வேண்டும். இரண்டாவதற்கு அப்படிச் சுலபமான வழி இல்லை. அதனால் 2.5 மில்லிமீட்டருக்குள் கிடைப்பதை எடுங்கள், அல்லது பிளேடும் சிப்பிரேக்கரும் ஜோடியாகப் பெய்லி வகைக்கென்றே விற்பதை எடுங்கள்.

அதற்கும் முன், இருக்கும் பிளேடை 25 பாகையில் தீட்டி, நுனியை மட்டும் 30 பாகையில் இரண்டாவது முறை தீட்டிப் பாருங்கள். பின்பக்கத்தையும் நுனியருகே கண்ணாடி மாதிரி சமப்படுத்துங்கள். சிப்பிரேக்கரை நுனியிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் கொண்டுவாருங்கள். கூர் நிற்காததற்கு எஃகு காரணமா, கோணம் காரணமா என்று அப்போது தெரிந்துவிடும். எஃகுதான் என்றால் பிளேடின் அகலத்தையும் துளையின் நீளத்தையும் அளந்து இங்கேயே போடுங்கள், எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.