சர்க்கரைப் புண் காலணி: கம்பெனி உரிமம் கேட்கிறது, கையெழுத்துப் போடலாமா?

டிரெஸ்ஸிங்_ரூம் (கேள்வி)

வணக்கம். மயிலாடுதுறை பக்கம் ஒரு அறக்கட்டளை மருத்துவமனையில், புண் கட்டும் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் வருபவர்களில் நிறையப் பேர் உள்ளங்காலில் சர்க்கரைப் புண்ணோடு வரும் விவசாயக் கூலிகள். புண் ஆற வேண்டுமானால் அந்த இடத்தில் பாரம் விழக்கூடாது. அதற்குத்தான் முழங்கால் வரை மாவுக்கட்டு போடுகிறோம். ஆனால் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் யார் வீட்டில் உட்காருவார்கள்? கட்டு நனைந்து கூழாகிவிடும். ஒரு அம்மா கருக்கரிவாளால் தானே அறுத்தெடுத்து, ஒரு மஞ்சப்பையில் போட்டு, "இந்தாங்க சிஸ்டர், உங்க சாமான்" என்று கொண்டுவந்து கொடுத்தார். கழற்றி மாட்டும் பூட்ஸ் கொடுத்தாலோ, கேட்டைத் தாண்டியதும் கழற்றிவிடுகிறார்கள்.

எங்கள் சர்ஜனும், நானும், பேருந்து நிலையத்துக்கு எதிரே செருப்புத் தைக்கும் அண்ணனும் சேர்ந்து ஒன்றரை வருடமாக ஒரு காலணி செய்தோம். நனைந்தால் கெடாது. நோயாளியால் கழற்ற முடியாது, வாராவாரம் நாங்கள்தான் திறந்து பார்ப்போம். (அதைப் போட்டுக்கொண்டு நடவுக்கு இறங்கச் சொல்லவில்லை. வரப்பும் வாசல் சேறும் தாங்கினால் போதும்.) பூட்டு அண்ணனுடைய யோசனை, மாட்டுவண்டியைப் பார்த்து வந்தது. அதற்கு மேல் எழுதினால் சர்ஜன் திட்டுவார்.

இப்போது ஒரு மருத்துவக் கருவிக் கம்பெனி கடிதம் அனுப்பியிருக்கிறது. "முழு உரிமை, உலகம் முழுக்க, காலவரையின்றி, இனி செய்யும் மாற்றங்கள் உட்பட, மொத்தமாக 2 லட்சம்." நிர்வாகம் கையெழுத்துக்குத் தயார். எனக்கு மூன்று சந்தேகங்கள்.

1. "மருத்துவ விஷயத்துக்கு இந்தியாவில் பேட்டன்ட் கிடையாது, வந்தது லாபம்" என்கிறார் மேனேஜர். உண்மையா?
2. ஜனவரியில் திருச்சியில் நடந்த ஒரு மருத்துவச் சங்க மாநாட்டில் போஸ்டர் வைத்தோம். இப்போது ஜூலை. கெட்டுப்போயிற்றா?
3. அண்ணன் மருத்துவமனை ஊழியர் இல்லை. அவருக்கு என்ன?

கிண்டிக்காரன்

சிஸ்டர், முதலில் கையெழுத்தை நிறுத்துங்கள். பேட்டன்ட் ஏஜென்ட் வேலையில் இருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மேனேஜர் சொல்வது பாதி உண்மை. 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சிகிச்சை முறையையும் அறுவை முறையையும் நோய் கண்டறியும் முறையையும் விலக்குகிறது. "இப்படிக் கட்டினால் புண் ஆறும்" என்றால் கிடையாது. கட்டுவதற்கான கருவிக்கு உண்டு. ஆனால் அதே பிரிவில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. தெரிந்த பொருட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே தனியாகச் செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது. காலணியும் தெரிந்தது, மாட்டுவண்டி ஆணியும் தெரிந்தது என்பார் பேட்டன்ட் அலுவலகப் பரிசோதகர். இரண்டும் சேர்ந்ததால் புதிதாக என்ன நடக்கிறது என்பதை எழுத வேண்டும்.

போஸ்டர் விஷயம்: விண்ணப்பத்துக்கு முன்பே ஊருக்குக் காட்டினால் புதுமை போய்விடும், பேட்டன்ட் கிடைக்காது. ஆனால் அறிஞர் சங்கத்தில் கண்டுபிடிப்பாளரே வாசித்த கட்டுரைக்கு நம் சட்டம் 12 மாத அவகாசம் தருகிறது. போஸ்டர் அதில் அடங்குமா என்று வாதாட வேண்டிவரும், அதை நம்பி உட்காராதீர்கள். அமெரிக்காவில் ஒரு வருட அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் இந்த மாதிரி அவகாசம் கிடையாது.

ஆகவே இரண்டு கேள்விகள். போஸ்டரில் பூட்டின் உட்புறம் தெரிந்ததா? வேறு எங்காவது காட்டினீர்களா?

டிரெஸ்ஸிங்_ரூம்

போஸ்டரில் வெளித்தோற்றப் படம் ஒன்று, மற்றதெல்லாம் புண் ஆறிய படங்கள். உட்புறம் இல்லை. வாட்ஸப் குரூப்பில் சாவி போட்டுத் திறக்கும் சின்ன வீடியோ ஒன்று ஓடியது, அதிலும் உள்ளே தெரியாது. கம்பெனி ஆள் வந்தபோது கையில் வாங்கிப் பார்த்தார். பிரித்துக் காட்டவில்லை. காட்டலாம் என்றுதான் இருந்தோம், சாவி டாக்டர் வீட்டில் இருந்தது.

கிண்டிக்காரன்

அந்தச் சாவிக்குக் கோயில் கட்டுங்கள்.

வெளியே தெரியாத பூட்டுதான் உங்கள் சொத்து. இந்த வாரமே தற்காலிக விண்ணப்பம் (தேதியைப் பிடித்து வைக்கும் முதல் விண்ணப்பம்) போடுங்கள்: ஃபார்ம் 1, ஃபார்ம் 2, வரைபடம். இணையத்தில் போட்டால் தனிநபருக்கு 1,600 ரூபாய். கல்வி நிறுவனம், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் ஆகியவற்றுக்கும் அதே கட்டணம். மருத்துவமனை இவற்றில் எதிலும் சேராவிட்டால் 8,000. இது போட்டபின், கண்டுபிடிப்பை முழுதாக விவரிக்கும் முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் இருக்கிறது. கம்பெனிக்கு உள்ளே பிரித்துக் காட்டுவது ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகுதான்.

அண்ணன்தான் இந்த இழையிலேயே பெரிய விஷயம். பூட்டு அவர் யோசனை என்றால் ஃபார்ம் 1இல் கண்டுபிடிப்பாளராக அவர் பெயர் வந்தே ஆக வேண்டும். படிப்பு, பதவி எதையும் சட்டம் கேட்பதில்லை. அவர் எழுதிக் கொடுக்காதவரை அவருடைய பங்கு மருத்துவமனைக்கு வராது. அவரையும் கூட்டு உரிமையாளராகச் சேர்த்தாலோ, 50ஆம் பிரிவுப்படி அவர் சம்மதம் இல்லாமல் மருத்துவமனை யாருக்கும் லைசென்ஸ் கொடுக்க முடியாது. மேனேஜர் தனியாகப் போடும் கையெழுத்துக்கு மதிப்பு கம்மி என்பதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

நீங்களும் சர்ஜனும் ஊழியர்கள் என்பதால் எல்லாம் மருத்துவமனைக்கே என்றும் கிடையாது. நம் சட்டத்தில் ஊழியர் கண்டுபிடிப்புக்கென்று தனிப் பிரிவு இல்லை, நியமன உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியில் வரும் கண்டுபிடிப்பு யாருக்கு என்று வரையறுக்க 2008இல் ஒரு மசோதா வந்தது. அமெரிக்காவின் 1980 பே-டோல் சட்டத்தைப் பார்த்து எழுதியது. 2014இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

நாகை_வாசி

எதற்கு இவ்வளவு சிக்கல்? ஜெய்ப்பூர் காலுக்குப் பேட்டன்ட் வாங்கவில்லையே, உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்ததே. ஏழைக்காகச் செய்ததை ஏழைக்கே விட்டுவிடுங்கள்.

அச்சு_பட்டறை

அண்ணே, நல்ல மனசு. ஆனால் ஜெய்ப்பூர் காலை இலவசமாக மாட்டிவிட 1975இலிருந்து ஒரு தொண்டு அமைப்பே இயங்குகிறது. சிஸ்டரிடம் இருப்பது ஒரு டிரெஸ்ஸிங் ரூமும் ஒரு தையல் ஊசியும். செய்து கொடுக்க ஆள் இல்லாமல் இலவசமாக விட்டால், அது போஸ்டரிலேயே இருக்கும்.

நான் கோவையில் பிளாஸ்டிக் மோல்டு செய்கிறவன், கருவிக் கம்பெனிகளுக்கு வேலை செய்திருக்கிறேன். அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன். ஒரு சைஸுக்கு ஒரு மோல்டு. வலது இடது வேறு, சைஸ் அரை டஜன் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு எங்கோ போகும். அதற்குமேல் ஐ.எஸ்.ஓ. 13485 தர ஏற்பாடு, மருத்துவக் கருவி விதிகள் 2017இன் கீழ் அரசு உரிமம். கருவிகளை ஆபத்துக்கேற்ப ஏ, பி, சி, டி என்று வகுத்திருக்கிறார்கள். ஏ, பி வகுப்புகளுக்கு 2022 அக்டோபரிலிருந்தும் சி, டி வகுப்புகளுக்கு 2023 அக்டோபரிலிருந்தும் உரிமம் கட்டாயம் (ஏ வகுப்பில் கிருமிநீக்கமோ அளவிடும் வேலையோ இல்லாதவற்றுக்குப் பதிவு போதும்). இதெல்லாம் செலவழிக்கிறவன் "எனக்கு மட்டும் கொடு" என்று கேட்பது தப்பில்லை. தனி லைசென்ஸுக்குப் பயப்படாதீர்கள்.

பயப்பட வேண்டியது வேறு. உங்களுக்கு வந்த கடிதம் லைசென்ஸே இல்லை, கிரயம். டெல்டாக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலத்தை எழுதிக் கொடுப்பது வேறு, சாகுபடிக்கு விடுவது வேறு. ராயல்டி என்பது வாரம்: விளைந்ததில் பங்கு. குறைந்தபட்ச ராயல்டி என்பது குத்தகை: விளைந்தாலும் பொய்த்தாலும் அளந்தாக வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். வாரத்தை மட்டும் வாங்கினால் கம்பெனி நிலத்தைத் தரிசு போட்டுவிடும். ஏற்கெனவே அவர்கள் விற்கும் பூட்ஸுக்குப் போட்டி வரக்கூடாது என்றே வாங்கி அலமாரியில் வைக்கிற ஆட்களும் உண்டு. அதனால் இத்தனை மாதத்தில் மாதிரி, இத்தனை மாதத்தில் அரசு உரிமம், இத்தனை மாதத்தில் முதல் விற்பனை, தவறினால் உரிமை திரும்பி வரும் என்று எழுதி வாங்குங்கள்.

ராயல்டி எந்த விலைமேல் என்பதிலும் கண் வையுங்கள். "நிகர விற்பனை" என்று போட்டுவிட்டு டீலர் கமிஷன், விளம்பரம் என்று கழித்துக்கொண்டே போவார்கள். எதை எதைக் கழிக்கலாம் என்று பட்டியல் போட்டு அடைத்துவிடுங்கள். கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமையும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, உங்கள் நோயாளிகளுக்கு நீங்களே செய்துகொள்ளும் உரிமை. இது இல்லாவிட்டால் நாளைக்கு உங்கள் காலணியை நீங்களே அவர்களிடம் காசு கொடுத்து வாங்குவீர்கள்.

கிண்டிக்காரன்

அருமை. ஒன்று சேர்க்கிறேன்: வாய்ப்பேச்சு செல்லாது. 68ஆம் பிரிவுப்படி எழுத்தில்தான் இருக்க வேண்டும், பேட்டன்ட் கிடைத்தபின் பேட்டன்ட் அலுவலகப் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும்.

தஞ்சை_எலும்பு_டாக்டர்

வேறொரு கேள்வி. நோயாளியால் கழற்ற முடியாது என்கிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல், கால் வீங்குகிறது, சீழ். உங்கள் சாவி மயிலாடுதுறையில், நோயாளி சீர்காழி ஆஸ்பத்திரியில். என்ன செய்வார்கள்? நெறிமுறைக் குழுவும் உரிமம் தருகிறவர்களும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். கம்பெனிக்கும் உங்களிடமிருந்து உண்மையில் வேண்டியது, போட்ட நோயாளிகளுக்கு என்ன ஆயிற்று என்ற பதிவேடுகள்தான். அதை இலவசமாகத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்து இதய வால்வைப் பாருங்கள். டாக்டர் வலியத்தான் குழு செய்த முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. நான்காவதுதான் 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன்பிறகுதான் டி.டி.கே. கம்பெனி வழியாகச் சந்தைக்குப் போனது. மருத்துவமனையும் பட்டறையும் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவ்வளவு காலம். ஒன்றரை வருடத்துக் காலணிக்கு இன்னும் வேலை இருக்கிறது.

டிரெஸ்ஸிங்_ரூம்

டாக்டர், பட்டையை அறுத்தால் கழன்றுவிடும், பிளாஸ்டர் கத்தரி போதும். ஆனால் அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. இன்றைக்கே காலணியிலேயே ஒட்டுகிறோம்.

டிரெஸ்ஸிங்_ரூம் (மூன்று வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்கிறேன். தற்காலிக விண்ணப்பம் போட்டாயிற்று. மூன்று பெயர்களும் இருக்கின்றன. அண்ணனிடம் காகிதத்தைக் கொண்டுபோனபோது, "இதுல கையெழுத்துப் போட்டா கடையை எழுதி வாங்கிடுவாங்களா?" என்று கேட்டார். வக்கீலை வைத்து வரிக்கு வரி தமிழில் படித்துக் காட்டினோம். அவர் பங்கை மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். வருகிற ராயல்டியில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு என்று அதே பத்திரத்தில் இருக்கிறது. மேனேஜருக்கு முகம் கொஞ்சம் தொங்கிவிட்டது, ஆனால் கையெழுத்துப் போட்டார்.

கம்பெனி முதலில் பேசாமல் இருந்தது. போன வாரம் திரும்ப வந்து, 5 வருடம், இந்தியாவுக்கு மட்டும், 3 சதவீதம் என்கிறது. குறைந்தபட்சத் தொகைக்கு இன்னும் பிடி கொடுக்கவில்லை. இனி செய்யும் மாற்றங்கள் எல்லாம் கம்பெனிக்கே என்ற வரியையும் விடமாட்டேன் என்கிறது.

அந்த வரிதான் உதைக்கிறது. ஏனென்றால் போன மழையில் ஒரு காலணியில் களிமண் புகுந்து பூட்டு இறுகிவிட்டது. அண்ணன் இரண்டு நாள் யோசித்து அதைச் சரிசெய்துவிட்டார். இதைப் பழைய விண்ணப்பத்தில் சேர்க்க முடியுமா?

அச்சு_பட்டறை

அட, எப்படிச் சரிசெய்தார்? ஆணியையே

கிண்டிக்காரன்

நீங்கள் கேட்கவும் வேண்டாம், சிஸ்டர் சொல்லவும் வேண்டாம்.

பழையதில் சேர்க்க முடியாது. இதற்கு இன்னொரு தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். முதல் விண்ணப்பத்தின் 12 மாதத்துக்குள் இரண்டையும் சேர்த்து ஒரே முழு விவரக்குறிப்பாகக் கொடுக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. தேதி மட்டும் அதற்கு அது, இதற்கு இது. கம்பெனியிடம், "மாற்றங்களைப் பயன்படுத்த முதல் வாய்ப்பு உங்களுக்கு, உரிமை எங்களுக்கு" என்று எழுதச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

டிரெஸ்ஸிங்_ரூம்

சரி சார். அண்ணன் இந்த இழையைப் பேத்தியிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். பதில் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.