பீவரை நேரில் கண்டவர்கள் இருக்கிறீர்களா?

உப்புவெளி ஆசிரியை:
தரம் 6 பிள்ளைகளுக்கு ஈரநிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அணை கட்டி ஈரநிலத்தையே உண்டாக்குகிற மிருகம் ஒன்று கனடாவில் இருக்கிறது, பெயர் பீவர் என்றதும் பின்வாங்கிலிருந்து ஒரு பெடியன், "டீச்சர், அது நீர்நாய்தானே? எங்கட அப்பாட வலையைக் கிழிச்சது" என்றான். இல்லை என்றேன். ஏன் இல்லை என்று கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது, நல்ல காலம். நானும் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கண்ணால் கண்டவர்கள் எழுதுங்கள். புத்தகத்தில் உள்ளது வேண்டாம், அது என்னிடமும் இருக்கிறது.

தம்பலகாமத்தான்:
டீச்சர், போன வருடம் கனடாவில், ஸ்காபரோவில் மகள் வீட்டில் மூன்று மாதம் நின்றேன். பக்கத்தில் ரூஜ் பூங்கா. ஓடைக்கரை மரங்கள் சிலவற்றுக்கு அடியில் கம்பிவலை சுற்றியிருந்தது. ஆட்டுக்கோ மாட்டுக்கோ என்று கேட்டேன். பேரன் சிரித்தான்: "அம்மப்பா, பீவர் கடிச்சு விழுத்தாம இருக்க." வலை சுற்றாத ஒரு மரத்தைக் காட்டினான். பென்சில் சீவியதுபோல அடிமரம் கூராக நின்றது. சுற்றிவர விரல் அகலத்துக்குச் சிராய்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பல் தடம். ஒன்றைச் சட்டைப்பையில் போட்டேன். மகள் திரும்ப எடுத்துப் போட வைத்தாள், அங்கே எதையும் எடுத்துவரக் கூடாதாம்.

பொழுதுபடும் நேரம்தான் ஆள் வெளியே வந்தது. தண்ணீர் மட்டத்தில் தலை மட்டும் தெரிந்தது, வாயில் ஒரு கொப்பு. நான் கொஞ்சம் அசைந்திருப்பேன். தட்டையான வாலால் தண்ணீரில் ஒரு அடி அடித்தது பாருங்கள், மண்வெட்டியைக் கவிழ்த்து அடித்ததுபோல! மற்றவைக்கு எச்சரிக்கையாம். அதற்குப் பிறகு ஒன்றையும் காணவில்லை.

அணை என் மார்பளவுகூட உயரமில்லை. கொப்பு, கல், சேறு, அவ்வளவுதான் சாமான். ஆனால் மேல்பக்கம் ஓடை குளமாக விரிந்து கிடந்தது. நடுவில் செத்து நின்ற மரத்தில் மரங்கொத்தி துளைத்த ஓட்டைகள், கரையோரம் நாரை, காது அடைக்கத் தவளைச் சத்தம். எங்கள் குளத்து அலைகரையில் நிற்கிற மாதிரியே இருந்தது.

எனக்குப் பெரிய ஆச்சரியம் வேறு. பீவர் அணையில் கசிவைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் காதால். சுவீடனில் லார்ஸ் வில்சன் என்ற ஆராய்ச்சியாளர் ஒலிபெருக்கியில் தண்ணீர் ஓடும் சத்தத்தைப் போட்டாராம். ஓட்டமே இல்லாத இடத்தில் பீவர்கள் கொப்புகளைக் கொண்டுவந்து குவித்தன. இதைக் கேட்டதும் எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. அவர் கந்தளாய்க் குளக்கட்டில் வேலை செய்தவர். மாரியில் இரவில் கட்டின்மேல் நடக்கும்போது ரோச் லைற்றை அணைத்துவிட்டு நிற்பார். என்னப்பா என்றால், "பேசாம நில், கேட்கட்டும்" என்பார். 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் அந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தபோது அப்பா ஓய்வு பெற்றிருந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாய் சொட்டினாலும் எழும்பிப் போய்ப் பார்ப்பார்.

மூதூர்க்காரன்:
பெடியன் சொன்னதில் பாதி சரி. வலையைக் கிழித்தது நீர்நாய்தான், எங்களுக்கும் அந்த நட்டம் உண்டு. குளத்தங்கரைக் கல்லில் அதன் எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பாருங்கள், மீன் செதிலும் நண்டு ஓடும் இருக்கும். நீர்நாய் மீன் தின்னி. அணையாவது ஒன்றாவது! பீவர் மீனைத் தொடாதே?

தம்பலகாமத்தான்:
தொடாது தம்பி. மரப்பட்டை, இலை, நீர்ச்செடி, அவ்வளவுதான். எலி, அணில் வகையறா. முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும், இரும்புச்சத்து இருப்பதால் செம்மஞ்சள் நிறம். தொப்பி செய்ய ரோமத்துக்காகக் கொன்று கொன்று ஐரோப்பாவில் 1900 அளவில் ஆயிரத்துச் சொச்சம்தான் மிச்சமாம். கனடாவிலும் அதே கதைதான். இப்போது அங்கே ஐந்து சதக் காசில் பீவரை அடித்து வைத்திருக்கிறார்கள், 1937 முதல்.

மூதூர்க்காரன்:
ரோட்டுக்கும் வயலுக்கும் தண்ணீர் ஏறினால் சும்மா விடுவார்களா?

தம்பலகாமத்தான்:
விடமாட்டார்கள். அணையை உடைத்தால் இரண்டொரு இரவில் திரும்பக் கட்டிவிடும். அதனால் சில இடங்களில் அணைக்குள்ளே நீளமான குழாய் ஒன்றைச் செருகி, மேல்பக்க வாயைத் தள்ளி ஆழத்தில் கூண்டு போட்டு மூடிவிடுகிறார்கள். தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கும், பீவருக்கு விளங்காது. எங்கள் குளத்துத் துருசு, அதாவது மதகு மாதிரித்தான்.

உப்புவெளி ஆசிரியை:
இன்று வகுப்பில் சொன்னேன். அதே பெடியன் எழும்பி, "டீச்சர், அப்ப பீவர் குளத்துக்கு வான் பாயுமா, நிரம்பி வழியுமா?" என்றான். ஐயா, பதில் சொல்லுங்கள். அந்தச் சீவின மரத்தின் படம் இருந்தால் அதையும்.

தம்பலகாமத்தான்:
பாயும். அணைக்கு மேலாலும் வழியும், இடைவெளிகளாலும் ஒழுகும். பெருவெள்ளத்தில் அடித்துக்கொண்டும் போகும், பிறகு திரும்பக் கட்டும். படம் பேரனின் போனில் இருக்கிறது. அங்கே இப்போது நடுச்சாமம், விடியக் கேட்டு அனுப்புகிறேன்.