20 டிகிரி இல்லாமல் நம்ம ஊரில் பிலிம் கழுவ முடியாதா?

கொத்தமங்கலம் நெகட்டிவ்:
நேற்று நம் வாட்ஸப் குழுவில் தேவகோட்டைக்காரர் எழுதியது இது: "செட்டிநாட்டு வெயிலில் வீட்டில் பிலிம் கழுவுவது வீண் வேலை. தண்ணீர் 20 டிகிரியில் இருக்கவேண்டும். இங்கே அது நடக்காது. பேசாமல் சென்னைக்கு அனுப்பிவிடுங்கள்."

படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இதை நம்பி இரண்டு பையன்கள் பிலிம் கழுவும் டேங்க்கை விற்கப் போவதாகச் சொன்னார்கள். நான் ஆறு வருடமாகக் கிணற்றுத் தண்ணீரில்தான் கழுவுகிறேன். ஏசி கிடையாது, ஐஸ் கிடையாது. படத்தை வெளியே கொண்டுவரும் மருந்தான டெவலப்பரை, டி-76 என்பார்கள், நானே கலக்குகிறேன். லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. இல்ஃபோர்டு கம்பெனி ஐடி-11 என்று விற்பதும் இதே சரக்குதான். எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை பிலிமுக்கு 1+3 கலவையில், அதாவது ஒரு பங்கு மருந்துக்கு மூன்று பங்கு தண்ணீரில், 20 டிகிரியில் 20 நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். என் கிணற்றுத் தண்ணீர் 29, 30 இருக்கும். ஏழு நிமிடத்தில் எடுத்துவிடுகிறேன். நெகட்டிவ் கண்ணாடி மாதிரி வருகிறது. யாருக்குச் சந்தேகமோ வீட்டுக்கு வந்து பாருங்கள்.

தேவகோட்டை ரேஞ்ச்ஃபைண்டர்:
என் பேரைச் சொல்லித் தனியாக ஒரு பஞ்சாயத்தா? சரி. கோடாக் கம்பெனிக்காரனும் இல்ஃபோர்டுகாரனும் 20 என்று அச்சடித்திருக்கிறான். அவர்களுக்குத் தெரியாதது கொத்தமங்கலத்துக் கிணற்றுக்குத் தெரியுமா? 20 என்றால் 20.

கொத்தமங்கலம் நெகட்டிவ்:
அதே இல்ஃபோர்டுகாரன்தான் டிகிரி ஏற ஏற நிமிடத்தைக் குறைக்க அட்டவணையும் போட்டிருக்கிறான். அதையும் படியுங்கள். சூடு கூடினால் மருந்து வேகமாக வேலை செய்யும், அவ்வளவுதான். நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத்திட்டாக வரும். அதனால்தான் 1+3 என்று நீர்த்துப் போடுகிறேன். மருந்து மெதுவாகும், நேரம் நீளும். சரக்கை அப்படியே ஊற்றி 30 டிகிரியில் கழுவச் சொல்லி நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஆத்தங்குடி கல்:
அண்ணே, நான் புதுசு. எச்பி5ஐ காமிராவில் ஐஎஸ்ஓ 800 வைத்து எடுத்துவிட்டேன். 1+3ல் எத்தனை நிமிடம் வைக்கட்டும்?

தேவகோட்டை ரேஞ்ச்ஃபைண்டர்:
போன சித்திரையில் எங்கள் அம்மான் வீட்டுப் பட்டாலைக் கூடத்தையும் வளவு முற்றத்தையும் ஒரு ரோல் எடுத்தேன். பர்மா தேக்குத் தூண், அரைத்த சுண்ணாம்புச் சுவர், முற்றத்தில் விழுகிற வெளிச்சம், 36 படம். வீட்டில்தான் கழுவினேன். காய்ந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், வற்றிய ஊருணித் தரை மாதிரி படம் முழுக்க வெடிப்பு. வைகாசியில் வீட்டை இடித்துத் தூணைக் கழற்றி விற்றுவிட்டார்கள். அந்தத் தூணை இனி எங்கே போய் எடுப்பேன்? நம்ம ஊர்ச் சூட்டில் ஜெலட்டின் இளகிவிடும் என்பது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். 20 என்றால் 20.

கொத்தமங்கலம் நெகட்டிவ்:
ரோல் போனது எனக்கும் வருத்தம்தான். ஆனால் போன காரணத்தை மாற்றிச் சொல்லாதீர்கள். அன்றைக்கு நீங்களே எனக்குப் போன் செய்து சொன்னது நினைவிருக்கிறதா? டெவலப்பரை ஐஸ் வைத்து 20க்கு இறக்கினீர்கள். படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ அறைச் சூட்டில் இருந்தது. கடைசிக் கழுவலை மொட்டைமாடித் தொட்டிக் குழாயில் பிடித்தீர்கள், மத்தியானம் இரண்டு மணிக்கு. அந்தத் தண்ணீரில் கை வைக்க முடியாது. குளிரில் இருந்த ஜெலட்டினைச் சூட்டில் தூக்கிப் போட்டால் அது உப்பிச் சுருக்கம் விழுந்து வெடிக்கத்தான் செய்யும். கெடுத்தது வெயில் இல்லை, அந்தத் தாவல். எல்லாத் தண்ணீரும் 30 ஆகவே இருந்திருந்தால் உங்கள் தூண் இன்று முழுசாக இருந்திருக்கும்.

கலர் நெகட்டிவ் கழுவும் சி-41 முறைக்கு டெவலப்பர் 38 டிகிரி, மூன்றேகால் நிமிடம். உலகமெல்லாம் அப்படித்தான் கழுவுகிறார்கள். அந்த ஜெலட்டின் இளகி ஓடிவிட்டதா?

தேவகோட்டை ரேஞ்ச்ஃபைண்டர்:
கலர் வேறு, கறுப்பு வெள்ளை வேறு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

பள்ளத்தூர் முகப்பு:
இரண்டு பேரும் தண்ணீரையே பிடித்துத் தொங்குகிறீர்கள். எப்படிக் கழுவினாலும் கடைசியில் வி600 ஸ்கேனரில்தானே போடுகிறீர்கள்? பெட்டியில் அங்குலத்துக்கு 6400 புள்ளி என்று போட்டிருக்கிறது, உண்மையில் கிடைப்பது அதில் கால்வாசி. நான் நெகட்டிவை லைட் பேட் மேல் வைத்து, மேக்ரோ லென்ஸில் டிஜிட்டல் காமிராவால் எடுக்கிறேன். கிரெய்ன், அதாவது பிலிமில் உள்ள துகள், மணல் மணலாகத் தெரியும்.

கொத்தமங்கலம் நெகட்டிவ்:
உங்கள் மேக்ரோ படத்தில் ஓரம் முழுக்க மசங்கல். போன பொங்கல் படத்திலேயே சொன்னேன். காமிராவை ரசமட்டம் வைத்து நேராக்குங்கள் என்றேன், கேட்கவில்லை. இங்கே பேச்சு தண்ணீரைப் பற்றி.

பள்ளத்தூர் முகப்பு:
பொங்கல் படம் என் மகள் எடுத்தது. அதையும் விடமாட்டீர்களா?

அரியக்குடி ஐயா:
நான் 1974லிருந்து ஸ்டூடியோவில் டார்க் ரூமில் நின்றவன். பேரன் படித்துக் காட்டினான், அதனால் எழுதுகிறேன். அப்போது ஐஸும் இல்லை, தெர்மாமீட்டரும் ஒன்றுதான், அது முதலாளி பையில் இருக்கும். ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் கழுவுவோம். மண்பானையில் தண்ணீர் ஊற்றி, ஈரச்சாக்கு சுற்றி, கீழே ஈர மணல் போட்டு வைப்போம். ஹைப்போவில் படிகாரமும் கொஞ்சம் அசிட்டிக் அமிலமும் சேர்ப்போம். படிகாரம் ஜெலட்டினை இறுக்கிவிடும். ஈர பிலிமின் ஓரத்தில் நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பேன். வழவழவென்று நகம் உள்ளே ஏறினால் இன்னும் இறுகவில்லை. நகம் ஏறாமல் சறுக்கினால் எடுத்துத் தொங்கவிடலாம். ஹைப்போ கரைக்கிறபோது சட்டி தானாகவே சில்லிட்டுப் போகும். உடனே அதில் பிலிமைப் போடக்கூடாது, சட்டி பழைய சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான கல்யாணம் அப்படித்தான் கழுவினோம்.

தேவகோட்டை ரேஞ்ச்ஃபைண்டர்:
பாருங்கள், ஐயாவே தண்ணீரைக் குளிர வைத்துத்தான் கழுவியிருக்கிறார். நான் சொன்னது அதுதான்.

கொத்தமங்கலம் நெகட்டிவ்:
ஐயா சொன்னது மண்பானை. மண்பானையில் 20 வருமா? சித்திரையில் 25, 26 வந்தாலே பெரிசு. சட்டி பழைய சூட்டுக்கு வரும்வரை காத்திருக்கச் சொன்னாரே, அதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? நான் காலையிலிருந்து சொல்வதும் அதுதான். எல்லாம் ஒரே சூடு.

தேவகோட்டை ரேஞ்ச்ஃபைண்டர்:
உங்கள் பேச்சை நம்பித்தான் போன வருடம் உங்களிடம் அந்த யாஷிகா காமிராவை வாங்கினேன். லென்ஸ் உள்ளே பூஞ்சை. என் தலையில் கட்டிவிட்டு இன்று எல்லாருக்கும் பாடம் எடுக்கிறீர்கள்.

கொத்தமங்கலம் நெகட்டிவ்:
திண்ணையில் உட்கார்ந்து டார்ச் அடித்துக் காட்டித்தான் கொடுத்தேன். "இருக்கட்டும் அண்ணே, படத்தில் தெரியாது" என்று சொன்னது யார்? முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் அதைவிட மோசமான காமிராவுக்கு இரண்டு மடங்கு விலை கேட்டார்கள், அதையும் நீங்களே சொன்னீர்கள். இன்றைக்கு ஏன் அதை எடுக்கிறீர்கள்? 30 டிகிரிக்குப் பதில் இல்லை, அதனால்தான்.

பள்ளத்தூர் முகப்பு:
கிணற்றுத் தண்ணீர் என்று பெருமை பேசுகிறீர்களே, அதில் இருக்கிற உப்பு? காய்ந்ததும் வெள்ளைப் பொட்டுப் பொட்டாக நிற்கும். ஸ்கேன் செய்தால் வானம் முழுக்கப் பொட்டு.

கொத்தமங்கலம் நெகட்டிவ்:
கடைசி அலசல் மட்டும் ஆர்ஓ தண்ணீர், பொட்டு நிற்காமல் தண்ணீர் வழிந்தோட இரண்டு சொட்டு போட்டோ-ஃப்ளோ. பிலிமை வளவில் தொங்கவிடாதீர்கள், தூசி படியும். குளித்து முடித்த குளியலறையில் தொங்கவிடுங்கள், தூசி அடங்கியிருக்கும். இதெல்லாம் சொல்லித் தந்தவன் நான், இங்கேயே பழைய பதிவில் இருக்கிறது.

மறுபடியும் சொல்கிறேன். 20 என்பது ஒரு கணக்குக்கு வைத்த எண். லண்டன்காரனுக்கும் அதே எண், நமக்கும் அதே எண். நம் தண்ணீர் எதுவோ அதற்குத் தக்க நேரம். டெவலப்பர், ஹைப்போ, கழுவும் தண்ணீர் மூன்றையும் தனித்தனிப் பாட்டிலில் ஒரே அண்டாத் தண்ணீருக்குள் ராத்திரியே வைத்துவிடுங்கள். காலையில் மூன்றும் ஒரே டிகிரியில் இருக்கும். நாளை ஆறு மணிக்கு அண்டாவில் தெர்மாமீட்டர் போட்டுப் படம் போடுகிறேன். அப்புறம் அதே தண்ணீரில் கழுவிய நெகட்டிவையும் போடுகிறேன்.

தேவகோட்டை ரேஞ்ச்ஃபைண்டர்:
தெர்மாமீட்டர் 20 காட்டினால் போடுங்கள். இல்லாவிட்டால் எனக்குப் பார்க்க ஒன்றுமில்லை.

ஆத்தங்குடி கல்:
அண்ணே, 800க்கு எத்தனை நிமிடம் என்று யாராவது சொல்லுங்கள். பிலிம் டேங்க்குக்குள்ளேயே இருக்கிறது.

கொத்தமங்கலம் நெகட்டிவ்:
தேவகோட்டையாரே, 38 டிகிரிக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.