கண்ணாடி ஊதும் பட்டறை: உலைச் செலவுக்கும் சொந்தக் கலைக்கும் நடுவில் நேரம் ஒதுக்குவது எப்படி?

தீக்குழல்:
சின்னதாக ஒரு கண்ணாடி ஊதும் பட்டறை நடத்துகிறேன். உருகிய கண்ணாடியை ஏறக்குறைய 1100 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டும் என்பதால் நான் ஊதினாலும் ஊதாவிட்டாலும் இரவு பகலாக எரிவாயு எரிகிறது. அதை ஈடுகட்ட டம்ளர், பூச்சாடி, தொங்கவிடும் உருண்டை என்று செய்துகொண்டே இருக்கிறேன், விற்கவும் செய்கிறது. ஆனால் நான் இதற்கு வந்ததே பெரிய சிற்ப வடிவங்களுக்காக. அவற்றுக்கு உதவிக்கு ஆள் வேண்டும், நாள் முழுக்க வேண்டும், ஆறவிடும் சூளையில் நாள்கணக்கில் கிடந்த பிறகும் விரிசல் விடலாம். வருமானம் விழாமல் இதற்கு இடம் ஒதுக்கியவர்கள் எப்படிச் செய்தீர்கள்?

மணல்மேடு:
முதலில் உலையின் மணிக்கணக்கு போடுங்கள். மாத எரிவாயு, மின்சாரம், வாடகை, மூசையின் (உலைக்குள் கண்ணாடி உருகும் பாத்திரம்) தேய்மானம், உங்கள் கூலி எல்லாவற்றையும் கூட்டி, பெஞ்சில் உட்கார்ந்து உண்மையில் வேலை செய்கிற மணிநேரத்தால் வகுத்தால் வருவதுதான் உங்கள் ஒரு மணியின் விலை. உடைந்து போவதையும் அதில் சேர்க்க வேண்டும். கடைக்கோ காட்சிக்கூடத்துக்கோ கொடுத்தால் பெரும்பாலும் விற்பனை விலையில் பாதிதான் கைக்கு வரும். அந்தப் பாதியில் மணிக்கணக்கு அடங்காத பொருள் எவ்வளவு வேகமாக விற்றாலும் அதை நிறுத்திவிடுங்கள். உங்களுக்கு வேண்டிய நேரம் அங்கேதான் இருக்கிறது.

ஆறவிடு:
உலையை வருடம் முழுக்க ஏன் எரிக்க வேண்டும்? வாராவாரம் அணைத்து ஏற்றுவது சரிவராது, மூசை விரிசல் விடும். ஆனால் சில மாதங்கள் தொடர்ந்து எரித்து, மெல்ல இறக்கி நிறுத்திவிடலாம். நின்ற மாதங்களில் அறுப்பது, தேய்ப்பது, மெருகேற்றுவது, வரைவது, ஆர்டர் பேசுவது. எரிகிற காலத்தின் கடைசி வாரங்களைச் சிற்பத்துக்கு வையுங்கள், ஏனென்றால் அதுவரை டம்ளர் ஊதி ஊதிக் கை நன்றாகப் பழகியிருக்கும், கண்ணாடி எடுக்கும் அளவு தப்பாது. டம்ளரைக் கலைக்கு எதிரியாகப் பார்ப்பதை நான் ஏற்கவில்லை.

நீலக்குச்சி:
உலையோடு சேர்த்து ஊதும் பெஞ்சை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுங்கள் என்பேன். 1962இல் அமெரிக்காவின் டொலிடோ அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் கலைஞர் ஹார்வி லிட்டில்டன் நடத்திய பயிலரங்குகளில்தான், கண்ணாடித் தொழில்நுட்பம் அறிந்த டொமினிக் லபினோவின் உதவியோடு, கலைஞர் ஒருவர் சின்ன உலையை வைத்துத் தொழிற்சாலைக்கு வெளியே வேலை செய்யலாம் என்ற எண்ணம் அங்கே வேர்விட்டது. அதனாலோ என்னவோ எல்லாவற்றையும் தனியாகச் செய்தால்தான் கலை என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய கண்ணாடிச் சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற டேல் சிஹூலி 1979இல் தோளில் அடிபட்ட பிறகு ஊதுவதை விட்டுவிட்டார், அவருடைய பெரிய வேலைகளைக் குழுதான் ஊதியது. உலை சும்மா எரியும் மணிகளை, சொந்த உலை இல்லாத கைதேர்ந்தவர்களுக்குக் கொடுங்கள். வாடகையும் வரும், அதில் ஒரு பகுதிக்குப் பதிலாக உங்கள் சிற்ப நாளில் உதவிக்கு நிற்கவும் சொல்லலாம். ஆரம்பநிலை வகுப்பும் பணம் தரும், ஆனால் புதியவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், அன்றைக்கு வேறு எதுவும் ஓடாது.

தீக்குழல்:
மணிக்கணக்கு போட்டுப் பார்த்தேன், தொங்கும் உருண்டைகள் தேறவில்லை, நிறுத்துகிறேன். பெஞ்ச் வாடகை யோசனை பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு பயம். வருகிறவர்கள் தங்கள் நிறக்கண்ணாடியைக் கொண்டுவந்தால்?

நீலக்குச்சி:
நியாயமான பயம். உலையில் இருப்பது விரிவுக் குணகம் (சூட்டில் எவ்வளவு விரியும் என்ற அளவு) 96 கண்ணாடி என்றால் அதற்குப் பொருந்தும் நிறக்குச்சிகளை மட்டும் அனுமதியுங்கள், முடிந்தால் நீங்களே விலைக்குக் கொடுங்கள். டார்ச் வேலைக்கான (கைச்சுடரில் உருக்கிச் செய்வது) போரோசிலிக்கேட் கண்ணாடி உள்ளேயே வரக் கூடாது, அதன் குணகம் 33, ஒட்டினால் ஆறும்போது வெடிக்கும். அப்புறம், திரும்ப உருக்க வைத்திருக்கும் துண்டு வாளியை யாரும் தொடாத இடத்தில் வையுங்கள். வேறு கண்ணாடி அதில் விழுந்து மூசைக்குள் போனால் அந்த மூசைக் கண்ணாடி முழுதும் வீண்.